கறை எங்கே போகுது? ஜவ்வாது மலையில் கெட்டுப்போன ஒரு கார் கார்ப்பெட்டின் வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டது.)

போன எபிசோடுக்கு அப்புறம் மூணு வாரம் கேப் விட்டுட்டேன். ஆபீஸ்ல ரிலீஸ், வேற காரணம் இல்ல. நடுவுல ரெண்டு நாள் லீவு கிடைச்சது, ஜவ்வாது மலைக்குப் போயிட்டு வந்தோம். ஆனா இன்னைக்கு எபிசோடு அந்த ட்ரிப்பைப் பத்தி இல்ல. அந்த ட்ரிப்புல ஒரு கார் கார்ப்பெட்டுக்கு நடந்ததைப் பத்தி.

நாங்க நாலு பேர். கார் என் ஃப்ரெண்டோட அண்ணனுடையது. வாங்கி ஆறு மாசம்தான் ஆகுது. உள்ளே வெளிர் பழுப்பு நிறக் கார்ப்பெட். சாவியைக் கொடுக்கும்போது அண்ணன் சொன்னது ஒரே விஷயம்தான்: "வெளிய கீறல் விழுந்தாகூட இன்சூரன்ஸ் இருக்குடா. உள்ள மட்டும் அழுக்கு பண்ணிடாதீங்க."

வாணியம்பாடி வரைக்கும் ஹைவே. அங்கிருந்து ஆலங்காயம், காவலூர் வழியா ஜமுனாமரத்தூர். ஆலங்காயம் தாண்டினதும் பங்ச்சர். ஸ்டெப்னி மாத்தினோம். டிக்கி முழுக்க பேக். அதனால கிரீஸ் வழியற ஜாக்கியை ஒரு பேப்பர்ல சுத்தி, பின் சீட்டுக்கு முன்னாடி கீழே வெச்சேன். வெச்சது நான்தான், பழியை வேற யார் மேலயும் போட முடியாது. அதே இடத்துல, ஃப்ரெண்டோட அம்மா இட்லிப் பொடிக்குக் கொடுத்தனுப்பின நல்லெண்ணெய் பாட்டிலும் இருந்தது. அப்புறம் மலைப்பாதை, வளைவு மேல வளைவு. காவலூர்ல டெலஸ்கோப் பார்க்க இறங்கினா, பாட்டில் மூடி ஒரு பக்கம் கிடக்கு, ஜாக்கி பேப்பரைக் கிழிச்சிட்டு வெளிய வந்திருக்கு. மஞ்சளா எண்ணெய், அதுக்கு நடுவுல கறுப்பா கிரீஸ்.

பதற்றத்துல எதெல்லாம் செய்யக் கூடாதோ அதெல்லாம் செஞ்சேன். டிஷ்யூ வெச்சு அழுத்தித் தேய்ச்சேன். அப்புறம் பாட்டில் தண்ணியை ஊத்தினேன். உள்ளங்கை அளவு இருந்த கறை தோசை அளவுக்கு ஆயிடுச்சு.

ஜமுனாமரத்தூர்ல டீ குடிக்க நின்னோம். கதவைத் திறந்து வெச்சு நாங்க நாலு பேரும் உள்ளே எட்டிப் பார்த்துட்டு நிக்கறதைக் கண்டு, கடை அக்கா வந்து பார்த்தாங்க. "எண்ணெய்ல போய் தண்ணிய ஊத்தியிருக்கீங்களே தம்பி"ன்னு சொல்லிட்டு உள்ளே போய், ஒரு பிடி மாவும், ஒரு கவர்ல காஞ்ச காயும் எடுத்துட்டு வந்தாங்க. மாவை இப்பவே தூவணும், ராத்திரி முழுக்க அப்படியே விடணும். காயை உடைச்சு, கொட்டையை எடுத்துட்டு, தோலை மட்டும் ஊற வெச்சு அந்தத் தண்ணியால ஒத்தணும். காசு வாங்கிக்கிட்டு, கடைசியா ஒண்ணு சொன்னாங்க: "தொட்டு முடிச்ச தண்ணிய ஓடையில ஊத்திடாதீங்க. மீன் செத்துடும்."

அந்தக் கடைசி வரிதான் எனக்கு இந்த எபிசோடு. கறையை எப்படி எடுக்கறதுன்னு கூகுள் பண்ணினா ஆயிரம் பதில் வரும். எடுத்த கறை எங்கே போகுதுன்னு நான் அதுவரைக்கும் ஒரு தடவை கூட யோசிச்சதில்ல.

பெயரிலேயே நெய் இருக்கிற காய்

அக்கா கொடுத்தது பூந்திக்கொட்டை. பூவந்திக்கொட்டை என்றும் சொல்வார்கள். இதே மரத்துக்குத் தமிழில் நெய்க்கொட்டான் என்று ஒரு பெயர் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற காய்க்குப் பெயரிலேயே நெய்!

இதன் அறிவியல் பெயர் இன்னும் சுவாரஸ்யம். லின்னேயஸ் 18-ஆம் நூற்றாண்டில் இந்தப் பேரினத்துக்கு வைத்த பெயர் சபிண்டஸ். லத்தீனில் சோப்பைக் குறிக்கும் சொல்லையும் இந்தியாவைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டவைத்த பெயர் அது. அதாவது 'இந்திய சோப்பு'. ஐரோப்பாவுக்கு இந்தக் காய் அறிமுகமானதே துவைக்கிற பொருளாகத்தான்.

இந்தக் காயின் தோலில் இருப்பது சபோனின். சீயக்காயிலும் அதுதான். சபோனின் மூலக்கூறுக்கு ரெண்டு முனை. ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறு முனை எண்ணெயோடு ஒட்டும். நம்ம பாஷைல சொன்னா, ஒண்ணோட ஒண்ணு பேசவே பேசாத ரெண்டு சிஸ்டத்துக்கு நடுவுல ஒரு ஏபிஐ. எண்ணெயைச் சின்னச் சின்னத் துளியா உடைச்சு, ஒவ்வொரு துளியையும் சுத்தி நின்னு, தண்ணியோட கூட்டிட்டுப் போயிடும். சோப், டிடர்ஜென்ட், ஷாம்பு, பாத்திரம் கழுவற லிக்விட் எல்லாமே இந்த ஒரே ஐடியாதான்.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கறோம் இல்ல? தலை முழுக்க நல்லெண்ணெய், அப்புறம் சீயக்காய் இல்லன்னா அரப்பு. கார் கார்ப்பெட்டுல நான் எதிர்கொண்ட அதே நல்லெண்ணெய் பிரச்சினையை நம்ம பாட்டிங்க ஒவ்வொரு வாரமும் தீர்த்துட்டு இருந்தாங்க. தங்க நகையையும் பட்டுப் புடவையையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவுகிற வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. சோப்பைவிட மென்மையானது என்பதுதான் காரணம்.

சரி, மீன் ஏன் சாகும்? சபோனின் மீனின் செவுள்களைப் பாதிக்கும். சபோனின் உள்ள தாவரங்களை நசுக்கித் தண்ணீரில் கலக்கி, மயங்கி மேலே மிதக்கும் மீனைப் பிடிப்பது உலகத்தின் பல பகுதிகளில் இருந்த பழைய முறை. 'நேச்சுரல்'னு லேபிள் ஒட்டினா எல்லாம் பாதுகாப்புனு நினைக்கற நமக்கு இது ஒரு நல்ல கரெக்‌ஷன்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். ஜவ்வாது மலையில் பெரும்பான்மையாக வாழ்கிறவர்கள் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். கேரளாவோடு குழப்பிக்காதீங்க. இவங்க தமிழ் பேசுற மலைவாழ் மக்கள். சாமை பயிரிடுவதோடு புளி, தேன், கடுக்காய், சீயக்காய் போன்ற வனப் பொருட்களைச் சேகரிப்பதும் அவர்களுடைய வாழ்வின் பகுதி. 1882-ல் வந்த மெட்ராஸ் வனச் சட்டம் காடுகளை அரசின் காப்புக் காடுகளாக மாற்றியது. பரம்பரையாகப் பொறுக்கிய காயை எடுக்க, அதன்பிறகு அனுமதி வேண்டியதாயிற்று. சிறு வனப் பொருள்கள் மீது அவர்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்று நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில். நடுவில் 124 வருஷம். நாம பாக்கெட்ல வாங்கற சீயக்காய்த் தூளுக்குப் பின்னாடி இந்தக் கணக்கும் இருக்கு.

வெள்ளாவி: துணிக்குள்ளேயே சோப்பு

சபோனின் ஒரு வழி. தமிழ்நாட்டின் சமவெளியில் இன்னொரு வழி இருந்தது, உவர்மண்.

சில நிலங்களில் மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும் மண் அது. அதில் சோடியம் கார்பனேட், பைகார்பனேட் இருக்கும். சலவைத் தொழிலாளர்கள் அந்த மண்ணைக் கரைத்துத் துணிகளை அதில் தோய்த்து, பெரிய பானையின் மேல் வளையம் வளையமாக அடுக்குவார்கள். கீழே தண்ணீர் கொதிக்கும். நீராவி துணிகளுக்குள் ஏறும். பல மணி நேரம் இப்படி வெந்த துணியை ஆற்றங்கரைக் கல்லில் அடித்துத் துவைத்து வெயிலில் காயப்போடுவார்கள். இதுதான் வெள்ளாவி.

கெமிஸ்ட்ரி பார்த்தா ஆச்சரியமா இருக்கும். துணியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கில் கொழுப்பு அமிலங்கள் இருக்கும். சூட்டில் காரம் அவற்றோடு சேர்ந்தால் கிடைப்பது சோப்பு. அழுக்கையே சோப்பாக்கி, அந்தச் சோப்பை வைத்து மிச்ச அழுக்கை எடுக்கிறார்கள். நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சேன். முதல் வருஷக் கெமிஸ்ட்ரியில் இதை யாரும் உதாரணமாகச் சொன்னதில்லை.

மெட்ராஸ் நகரம் வளர்ந்ததிலும் இந்த வேலைக்குப் பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1639-ல் இங்கே காலூன்றியதன் முக்கியக் காரணம் துணி. நெய்த துணியை வெளுத்த பிறகுதான் கப்பலில் ஏற்ற முடியும். வண்ணாரப்பேட்டை என்ற பெயர் அப்படி வந்தது. 1734-ல் சிந்தாதிரிப்பேட்டையைக் கம்பெனி உருவாக்கியபோது நெசவாளர்களோடு துணி வெளுப்பவர்களையும் சேர்த்துத்தான் குடியமர்த்தியது. மெட்ரோவுல வண்ணாரப்பேட்டை ஸ்டேஷன் அறிவிப்பு வரும்போது, அந்தப் பேர் ஒரு தொழிலோட பேர்னு ஒரு செகண்ட் நினைச்சுப் பாருங்க.

ஆனா அந்தத் தொழிலுக்கு மரியாதை கிடைச்சுதா? சங்க இலக்கியத்தில் துணி வெளுக்கிற பெண்ணுக்குப் பெயர் புலைத்தி. அந்தச் சொல்லுக்குள்ளேயே 'புலை' இருக்கிறது, தீட்டு என்ற பொருளோடு. ஊரின் அழுக்கை எடுத்தவர் மேலேயே அந்த அழுக்கை ஒட்டவைத்தது சாதி. தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் சமூகத்தைக் கண்ணால் பார்ப்பதே தீட்டு என்று ஒதுக்கிய கொடுமையும் இங்கே நடந்தது. இமையத்தின் முதல் நாவலான 'கோவேறு கழுதைகள்' (1994) அந்தச் சமூகத்துப் பெண் ஒருத்தியின் வாழ்க்கையைச் சொல்கிறது. படிக்காதவங்க படிங்க.

எண்ணெய்க் கறை துணியை விட்டுப் போயிடும். ஆனா ஒரு சமூகம், அது போய் ஒட்ட ஒரு மனுஷரைத் தேடிக் கண்டுபிடிச்சிருக்கு. ரோமாபுரியிலும் துணி வெளுப்பவர்கள் இருந்தார்கள். அவர்கள் காரத்துக்குப் பயன்படுத்தியது பழைய சிறுநீர், அதில் அம்மோனியா உண்டு. பிசுக்கை உறிஞ்ச ஒருவகைக் களிமண். வேலை இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான். அதைப் பிறப்போடு கட்டிப்போட்டது நம்ம ஊர்.

1821: ஒரே வருஷத்தில் ரெண்டு கதை

இதுவரைக்கும் பார்த்த எல்லாத்துக்கும் தண்ணி வேணும். கம்பளி கோட்டு, பட்டு, தைத்த உடை மாதிரி தண்ணீரில் போட்டால் கெட்டுப்போகும் பொருட்களை என்ன செய்வது? கார் கார்ப்பெட்டும் ஒரு விதத்தில் அதே கேஸ்தான். கழற்றி ஆற்றுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது.

நியூயார்க்கில் தாமஸ் ஜென்னிங்ஸ் என்ற கறுப்பினத் தையற்காரர் இருந்தார். வாடிக்கையாளர்களின் விலை உயர்ந்த உடைகளில் கறை பட்டால் எடுக்க வழி தேடினார். 1821-ல் 'ட்ரை ஸ்கவரிங்' என்ற முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவராக அவரைத்தான் சொல்கிறார்கள். அந்த முறை என்ன என்பது இன்றைக்கு யாருக்கும் தெரியாது. 1836-ல் காப்புரிமை அலுவலகம் தீப்பிடித்ததில் அந்த ஆவணமும் எரிந்துவிட்டது. பேக்கப் இல்ல! ஆனால் அதில் வந்த பணத்தை என்ன செய்தார் என்பது தெரியும். அடிமையாக இருந்த தன் குடும்பத்தினரின் விடுதலைக்குக் கொடுத்தார், அடிமை முறை ஒழிப்பு இயக்கத்துக்குக் கொடுத்தார். 1854-ல் நியூயார்க் டிராம் வண்டியிலிருந்து இறங்க மறுத்து, வழக்குப் போட்டு ஜெயித்த எலிசபெத் ஜென்னிங்ஸ் அவருடைய மகள்தான்.

அதே 1821-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, நம்ம பாடப் புத்தகத்து ஃபாரடேதான், ஆய்வகத்தில் ஒரு புதுத் திரவத்தை உருவாக்கினார். இன்றைய பெயர் டெட்ராகுளோரோஎத்திலீன். சுருக்கமாக பெர்க். அப்போது அதை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. நூறு வருஷம் கழித்துத்தான் அதுக்கு வேலை வந்தது.

நடுவில் பெட்ரோலிய வகைத் திரவங்களால் உடைகளைச் சுத்தம் செய்தார்கள். எண்ணெயை எண்ணெயே கரைக்கும் என்பதுதான் லாஜிக். சிக்கல் என்னவென்றால், கடைகள் தீப்பிடித்தன. பெர்க் தீப்பிடிக்காது, எண்ணெயை அருமையாகக் கரைக்கும். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ட்ரை கிளீனிங் உலகத்தையே அது பிடித்துக்கொண்டது. இன்ஜின் பாகங்களில் கிரீஸ் எடுக்க அதன் உறவுக்காரத் திரவமான டிரைகுளோரோஎத்திலீன் வந்தது.

இப்போ நம்ம கேள்வியைக் கேட்போம். கறையைக் கரைச்ச அந்தத் திரவம் எங்கே போச்சு? மண்ணுக்குள்ளே. அமெரிக்காவின் வட கரோலினாவில் கேம்ப் லெஜூன் என்ற ராணுவ முகாம். 1953 முதல் 1987 வரை அங்கே குடும்பங்கள் குடித்த தண்ணீரில் இந்த ரெண்டு ரசாயனங்களும் கலந்திருந்தன. ஒரு பகுதி குடிநீர் மாசுபட்டதற்குக் காரணம் முகாமுக்கு வெளியே இருந்த ஒரு ட்ரை கிளீனிங் கடை. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட வழிசெய்யும் சட்டம் வந்தது 2022-ல். 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பெர்க்கை ட்ரை கிளீனிங்கிலிருந்து பத்து வருஷத்தில் படிப்படியாக விலக்கும் விதியை வெளியிட்டது. அந்தக் கடையில் கோட்டு சூட்டெல்லாம் பளிச்சென்றுதான் வெளியே வந்திருக்கும்.

கார்ப்பெட்டும் கிரீஸும் சொந்தக்காரங்க

சரி, நம்ம கார்ப்பெட்டுக்கு வருவோம். ஏன் அது இவ்வளவு பிடிவாதமா எண்ணெயைப் பிடிச்சு வெச்சுக்குது?

பருத்தியும் கம்பளியும் தண்ணீரை விரும்பும் இழைகள். தண்ணீர் உள்ளே போகும், எண்ணெயைத் தள்ளிவிடும். இன்றைய கார் கார்ப்பெட் பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன். பாலியெஸ்டர் இழையை 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்தார்கள். பாலிப்ரோப்பிலீன் 1950-களில் வந்தது. ரெண்டுமே பெட்ரோலியக் குடும்பம். தண்ணீரை உள்ளே விடாது, அதனால் சாம்பாரோ டீயோ சிந்தினால் துடைத்துவிடலாம். எண்ணெய் சிந்தினால் கதை வேற. சொந்தக்காரன் வீட்டுக்கு வந்த மாதிரி ஒட்டிக்கும்.

கிரீஸ் என்பது என்ன? எண்ணெயைக் கெட்டியாக்கியது. கெட்டியாக்கப் போடுவது எதை தெரியுமா? சோப்பை! வண்டிகளில் அதிகம் பயன்படும் லித்தியம் கிரீஸில் பெட்ரோலிய எண்ணெயும் லித்தியம் சோப்பும் இருக்கும். அந்த லித்தியம் சோப்பு பெரும்பாலும் ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்யப்படுகிறது. நம்ம ஊர்ல மாட்டு வண்டி அச்சுக்குப் போட்ட வண்டி மை ஞாபகம் இருக்கா? உங்களுக்கு இருக்காது, தாத்தாவைக் கேளுங்க. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் போடுவார்கள். விளக்கெண்ணெய் ஆமணக்கு எண்ணெய்தான். அண்ணன் கார்ல நான் ஒட்டவெச்ச கறுப்புக் கறைக்கும் தாத்தா வேட்டியில பட்ட வண்டி மைக்கும் அவ்வளவு தூரம் இல்ல.

கிரீஸுக்குள்ளேயே சோப் இருக்குன்னா அதுவே கழுவிட்டுப் போகாதான்னு நான் கேட்டேன். போகாது. லித்தியம் சோப்பு தண்ணீரில் கரையாது. மழையிலும் சேற்றிலும் அச்சை விட்டுப் போகக் கூடாது என்பதற்காகத்தானே அதைத் தேர்ந்தெடுத்தார்கள்?

இந்தப் பிசுக்குகளுக்கு எதிராக வந்ததுதான் செயற்கை டிடர்ஜென்ட். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குக் கொழுப்புத் தட்டுப்பாடு. சோப்புக்குக் கொழுப்பு இல்லாததால் ரசாயனத்தில் மாற்று தேடினார்கள். அமெரிக்காவில் 1946-ல் டைடு வந்தது. இந்தியாவில் 1959-ல் சர்ஃப். 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டிலேயே பவுடர் கலந்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்று நிர்மாவை ஆரம்பித்தார். உப்புத் தண்ணியிலும் நுரை வந்தது, மலிவாகவும் கிடைத்தது. வெள்ளாவிப் பானை மெல்ல மெல்ல அணைந்தது.

ஆனால் 1950-களில் வந்த டிடர்ஜென்ட் மூலக்கூறை பாக்டீரியாவால் எளிதில் சிதைக்க முடியவில்லை. ஐரோப்பா, அமெரிக்காவில் ஆறுகள் நுரையால் மூடின. 1960-களில் சட்டம் போட்டு, எளிதில் சிதையும் வேறு மூலக்கூறுக்கு மாற்றினார்கள். இந்த வரலாற்றில் ஒரு நம்பிக்கையான இடம் இது. எங்கே போகுதுன்னு கேட்டாங்க, டிசைனையே மாத்தினாங்க.

மலையடிவாரத்தில் பாலாறு

திரும்பி வரும்போதும் வாணியம்பாடி வழிதான். போகும்போது கவனிக்காத தோல் தொழிற்சாலைகள் இப்போ கண்ணுல பட்டது.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லாம் பாலாற்றுப் படுகையில் வளர்ந்த தோல் ஊர்கள். தோல் பதனிடுவதும் ஒரு வகையில் இதே கதைதான்: முடியை எடு, கொழுப்பை எடு, அப்புறம் கெடாதபடி பதப்படுத்து. பழைய முறையில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான் பதப்படுத்தும் பொருள். மலையிலும் காட்டிலும் கிடைப்பவை. வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பு வந்ததும் அந்த வேலை மிகவும் சீக்கிரம் முடிந்தது. 1970-களில் அரைகுறையாகப் பதப்படுத்திய தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலுக்கு ஊக்கம் கொடுத்தது. அந்நியச் செலாவணி வந்தது, பல ஆயிரம் குடும்பங்களுக்கு வேலை வந்தது. குரோமியமும் உப்பும் கலந்த கழிவுநீர் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் வந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற ரெண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. இன்னைக்கு நாட்டுல எந்தச் சுற்றுச்சூழல் வழக்கிலும் மேற்கோள் காட்டற தீர்ப்பு இது. 2025 ஜனவரியில் இதே பாலாறு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. அப்படின்னா பிரச்சினை முடியலன்னுதான் அர்த்தம்.

ஜவ்வாது மலையில் பிறக்கிற செய்யாறும் கடைசியில் பாலாற்றில்தான் கலக்கிறது. ஓடையில ஊத்தாதீங்கன்னு அக்கா சொன்ன அந்த ஓடையோட ரூட்டை மேப்ல பார்த்தா, கீழே ஒரு மாநிலமே இருக்கு.

சரி, கார்ப்பெட் என்ன ஆச்சு?

இதைச் சொல்லாம போனா கமென்ட்ல திட்டுவீங்க. எனக்கு வேலை செஞ்சதை வரிசையா சொல்றேன்.

முதல்ல, தேய்க்காதீங்க. கெட்டியா இருக்கற கிரீஸை பழைய பிளாஸ்டிக் கார்டால வழிச்சு எடுங்க. எண்ணெயை உலர்ந்த துணியால ஒத்தி எடுங்க. அப்புறம் மாவு. சோள மாவு, டால்கம் பவுடர் எதுவா இருந்தாலும் ஓகே. தடிமனா தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில வேக்குவம் பண்ணுங்க. நல்லெண்ணெய்ல பெரும்பகுதி இதுலயே போயிடுச்சு. ரோமாபுரிக் களிமண் செஞ்ச அதே வேலைதான்.

அடுத்தது பூந்திக்கொட்டைத் தண்ணி. அது இல்லைன்னா வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணியில அரை ஸ்பூன் பாத்திரம் கழுவற லிக்விட். வெள்ளைத் துணியை நனைச்சுப் பிழிஞ்சு, கறையோட ஓரத்துலேர்ந்து நடுவை நோக்கி ஒத்துங்க. நடுவுலேர்ந்து ஆரம்பிச்சா கறை பரவும். அப்புறம் வெறும் தண்ணித் துணியால ஒத்தி சோப்பை எடுத்துடுங்க. சோப் மிச்சம் இருந்தா அந்த இடத்துல தூசி ஒட்டும். கடைசியா கதவைத் திறந்து வெச்சு நல்லா காய விடுங்க.

ஜாக்கி கிரீஸுக்கு இது பத்தாது. துணியில கொஞ்சம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, சீட்டுக்கு அடியில ஒரு மூலையில டெஸ்ட் பண்ணிட்டு, நாலு கதவையும் திறந்து வெச்சு ஒத்தினேன். பக்கத்துல நெருப்பே கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊத்தற ஐடியா யாராவது கொடுத்தா கேட்காதீங்க. அந்தக் காலத்துக் கடைகள் ஏன் எரிஞ்சுதுன்னு இப்பதான் பார்த்தோம்.

மறுநாள் காலையில ஒரு ஷாக். போன கறை திரும்ப வந்திருந்தது. கார்ப்பெட்டுக்கு அடியில ஒரு பஞ்சு லேயர் இருக்கு. நான் ஊத்தின தண்ணியோட எண்ணெய் அங்க இறங்கியிருக்கு. மேல் பக்கம் காயக் காய, திரி மாதிரி ஈரத்தோட சேர்ந்து மேல ஏறி வந்திருக்கு. மறுபடியும் மாவு, மறுபடியும் ஒத்தல். இப்படி மூணு ரவுண்டு.

முதல் நாள் கறை கண்ணுக்குத் தெரியலன்னதும் நான் டெலீட் ஆயிடுச்சுன்னு நினைச்சேன். மூவ் ஆகியிருந்தது, அவ்வளவுதான். துணியிலேர்ந்து மனுஷர் மேல, கோட்டுலேர்ந்து கிணத்துக்கு, தோல்லேர்ந்து பாலாத்துக்குன்னு இன்னைக்கு நாம பார்த்த எல்லாமே அந்த மூவ்தான். கறை எடுக்கிற தொழில்நுட்பத்தோட வரலாற்றை, அது போய்ச் சேர்ந்த இடத்துல நின்னு பார்த்தா வேற வரலாறா தெரியுது. அங்கே பொதுவா இருக்கறது காரோ கோட்டோ சொந்தமா இல்லாதவங்க.

அதுக்காகக் கறையோடவே இருங்கன்னு நான் சொல்லல. எவ்வளவு குறைவா போட்டா வேலை முடியும், கழுவின தண்ணி எங்கே போகும்னு ரெண்டு கேள்வி கேட்கலாம். எண்ணெய் உறிஞ்சின மாவைக் குப்பையில போட்டேன். அழுக்குத் தண்ணி அரை பக்கெட் கூட வரல, அதை டாய்லெட்ல ஊத்தினேன். எங்க அபார்ட்மெண்ட்ல கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட் இருக்கு. அது நிஜமா ஓடுதான்னு முதல் தடவையா செக்ரட்டரிகிட்ட கேட்டேன். "எதுக்குப்பா கேக்கற?"ன்னார். பதில் இன்னும் வரல.

அண்ணன்கிட்ட காரைக் கொடுக்கும்போது நானே சொல்லிட்டேன். நல்லெண்ணெய் சுத்தமா போயிடுச்சு. கிரீஸ் இருந்த இடத்துல மட்டும் லேசா ஒரு சாம்பல் நிழல். குனிஞ்சு பார்த்துட்டு, "இது எவ்ளோ பெருசா இருந்துச்சு?"ன்னு கேட்டார். தோசை அளவுன்னு சொன்னேன். மேல ஒரு மேட் வாங்கிப் போட்டுட்டார்.

உங்க வீட்ல பாட்டி, அம்மா எண்ணெய்க் கறைக்கு என்ன போட்டாங்கன்னு கேட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. உவர்மண், வெள்ளாவி நேர்ல பார்த்தவங்க யாராவது வீட்ல இருந்தா அவங்க குரல்லயே அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடறேன். அடுத்த வாரம் பார்ப்போம். வணக்கம்.